நூல் மில் ஹியூமிடிட்டி பிளான்ட்: டச் பேனலைக் கையாள முழுமையான வழிகாட்டி

கோவை, பல்லடம், உடுமலை, ஈரோடு பக்கத்து நூல் மில்கள் பலவற்றில் காற்றின் ஈரத்தையும் சூட்டையும் அளவாக வைத்திருக்கும் ஹியூமிடிட்டி பிளான்ட்டின் கடிவாளம் இன்று ஒரு டச் பேனலில் இருக்கிறது. முன்பெல்லாம் காற்று வழியில் இருக்கும் தகட்டுக் கதவான டேம்பரைத் திறக்கவும் மூடவும் ஆள் ஏறிப் போய்க் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இப்போது விரல் நுனி போதும். வேலை சுலபமானது உண்மை. அதே அளவுக்குத் தப்பு செய்வதும் சுலபமாகிவிட்டது. ஸ்பின்னிங்கில் நூல் அறுகிறது என்றதும் யாரோ ஒருவர் பேனலுக்கு ஓடி நாலு எண்ணை மாற்றிவிட்டுப் போவார். அடுத்த ஷிப்ட்டில் ரோலரில் பஞ்சு சுற்றும். அதற்கு இன்னொருவர் வந்து வேறு நாலு எண்ணை மாற்றுவார். இந்த இழுபறி இல்லாமல் பேனலை எப்படி வாசிப்பது, எதைத் தொடுவது, எதைத் தொடவே கூடாது என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். பேனலின் கம்பெனி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். பட்டன் இருக்கும் இடமும் பெயரும் மட்டும் மாறும்.

திரைக்குப் பின்னால் ஓடுவது

திரையைத் தொடும் முன் காற்று எந்த வழியாகப் போகிறது என்பது மனதில் இருக்க வேண்டும். மெஷின்களுக்கு அடியில் தரைக்குள் இருக்கும் கால்வாயான டிரெஞ்ச் வழியாகச் சூடான, பஞ்சு கலந்த காற்று திரும்பி வருகிறது. ரோட்டரி ஃபில்டர் அதிலிருக்கும் பஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. ரிட்டர்ன் ஃபேன் அந்தக் காற்றைத் தள்ளும் இடத்தில் இரண்டு வழி: வெளியே போகலாம், அல்லது மறுபடி பிளான்ட்டுக்குள் வரலாம். உள்ளே வருவது வெளிக்காற்றோடு கலந்து, வாஷரில் நாசில்கள் தெளிக்கும் தண்ணீர்த் திவலைகளுக்கு நடுவே புகுந்து வருகிறது. எலிமினேட்டர் தகடுகள் நீர்த்துளிகளைத் தடுத்துவிடும். அப்புறம் சப்ளை ஃபேன், டக்ட் (காற்றுக் குழாய்), டிஃப்யூசர் (காற்று வெளிவரும் வாய்), மெஷின்கள் ஓடும் டிபார்ட்மென்ட்.

இந்த வழியில் மூன்று டேம்பர்கள் முக்கியம்: வெளிக்காற்று டேம்பர், திரும்பு காற்று டேம்பர், வெளியேற்று டேம்பர். டிபார்ட்மென்ட்டில் தொங்கும் சென்சார் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பிளான்ட்டை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.க்குச் சொல்கிறது. பி.எல்.சி. டேம்பர் மோட்டாரையும், ஃபேன் வேகத்தை மாற்றும் டிரைவையும், பம்ப்பையும் இயக்குகிறது. டச் ஸ்கிரீன் இந்த பி.எல்.சி.யைப் பார்க்கும் ஜன்னல்தான். திரையில் ஆர்.எச். (ஈரப்பதம், சதவீதத்தில்) 58 என்று இருந்தால், டிபார்ட்மென்ட்டில் 58 இருக்கிறது என்று அர்த்தமில்லை. சென்சார் 58 என்று சொல்கிறது, அவ்வளவுதான். இனி சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான்.

முதல் படி: தொடாமல் வாசியுங்கள்

ஷிப்ட் எடுத்ததும் பேனல் முன் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முகப்புத் திரையில் பிளான்ட்டின் படம் இருக்கும். முதலில் ஒவ்வொரு ஃபேன், பம்ப், டேம்பர் பக்கத்திலும் ஆட்டோவா மானுவலா என்று பாருங்கள். பலர் நேரே ஆர்.எச். எண்ணுக்குத்தான் போவார்கள். ஆனால் எந்த எந்திரம் தானாக ஓடுகிறது, எதை யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

அடுத்து, இப்போது இருக்கும் அளவும், நாம் வேண்டுமென்று வைத்த அளவும். இரண்டும் அருகருகே இருக்கும், நிறத்தில்தான் வித்தியாசம். பழகாதவர்கள் வைத்த அளவைப் பார்த்துவிட்டு “அறுபது இருக்குதுங்க” என்று சொல்லிவிடுவதுண்டு. நிறங்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு என்பது பரவலான வழக்கம். சில பேனல்களில் நின்றால் சாம்பல், டிரிப் ஆனால் (கோளாறில் தானாக நின்றால்) மட்டும் சிவப்பு. உங்கள் பேனலின் வழக்கத்தை எலக்ட்ரீசியனிடம் ஒருமுறை கேட்டு ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் இருக்கும் மில்லென்றால் இந்தியிலும் எழுதுங்கள். பல பேனல்களில் மொழி மாற்றும் வசதியே இருக்கும்.

மூன்றாவதாக ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசம். சில திரைகளில் இது பாஸ்கலில் வரும், சிலவற்றில் மில்லிமீட்டர் தண்ணீர் அளவில். 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 9.8 பாஸ்கல். ஒரு பிளான்ட்டில் 20 என்பதும் பக்கத்துப் பிளான்ட்டில் 200 என்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கலாம். இது தெரியாமல் பயந்து ஃபில்டரைத் திறக்க வேண்டாம்.

வாசித்தது போதாது. படியேறிப் போய்ப் பாருங்கள். வெளிக்காற்று டேம்பர் 70 சதவீதம் திறப்பு என்று திரை காட்டினால், தகடுகள் நிஜமாகவே அந்த அளவுக்குத் திறந்திருக்கின்றனவா? டேம்பர் மோட்டார் சுற்றும், ஆனால் தகட்டோடு இணைக்கும் கம்பியின் போல்ட் லூசாகி அது மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். திரை அப்போதும் 70 என்றே காட்டும். பம்ப் பச்சையில் இருக்கும், நாசில்களில் பாதி உப்பு அடைத்துக் கிடக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடப்பது.

லாகின்: யாருக்கு எந்தக் கதவு

பொதுவாக மூன்று நிலை உண்டு. ஆபரேட்டர் பார்க்கலாம், அலாரத்தை ஒப்புக்கொள்ளலாம். சூப்பர்வைசர் செட் பாயின்ட்டும் (அதாவது வைத்த அளவு) நேர அட்டவணையும் மாற்றலாம். இன்ஜினியர் நிலையில்தான் சென்சார் திருத்தம், டிரைவ் எல்லைகள், பி.ஐ.டி. எண்கள் (வைத்த அளவை நோக்கி எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்று சொல்பவை) எல்லாம். பாஸ்வேர்டை பேனல் கதவில் மார்க்கரால் எழுதி வைத்தால் இந்த மூன்று நிலைக்கும் வேலையே இல்லை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பேனல் பதிவு செய்யும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவால் ஒருவருக்கும் பயனில்லை. வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள்.

செட் பாயின்ட் மாற்றும் முறை

பல மில்களில் பழக்கத்தில் உள்ள ஈரப்பத அளவுகள் இவை: பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங்கில் 50 முதல் 55 சதவீதம், நூல் முறுக்கும் ரிங் ஃபிரேமில் 55 முதல் 60, கோனில் சுற்றும் வைண்டிங்கில் 60 முதல் 65. பஞ்சு ரகமும், நூலின் பருமனைச் சொல்லும் நூல் எண்ணும் மாறினால் இதுவும் கொஞ்சம் மாறும். பஞ்சு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், விடவும் செய்யும். காய்ந்தால் மின்னூட்டம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும், பஞ்சு பறக்கும், நூல் அறுகும். ஈரம் மிஞ்சினால் ரோலரில் சுற்றும்.

திரையில் வைத்த அளவின் மேல் விரலை வைத்தால் எண் பலகை திறக்கும். மேலே அனுமதிக்கப்பட்ட குறைந்த, கூடிய எல்லைகள் தெரியும். எண்ணை அடித்து என்டர் கொடுத்தபின் கையை எடுத்துவிடாதீர்கள். பலகை மூடிய பிறகு அந்த எண் திரையில் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள். எல்லைக்கு வெளியே அடித்திருந்தால் சில பேனல்கள் ஒன்றும் சொல்லாமல் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். 58 அடிக்கப்போய் 5.8 விழுவதும் உண்டு. புள்ளி எங்கே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். 2 சதவீதத்துக்கு மேல் ஒரே தாவலில் போக வேண்டாம். பிறகு குறைந்தது கால் மணி நேரம் பொறுங்கள். அத்தனை பெரிய ஹாலில் சுவர், தரை, மெஷின், பாபினில் இருக்கும் நூல் எல்லாமே ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைத்திருக்கும். அடித்த எண் உடனே காற்றில் வந்துவிடாது.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனி விஷயமாக நினைப்பதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். காற்றில் உள்ள நீராவி மாறாமல் சூடு மட்டும் ஏறினாலே ஆர்.எச். இறங்கும். 30 டிகிரியில் 60 சதவீதம் இருக்கும் காற்று, 31 டிகிரிக்கு ஏறினால் 57-ஐ ஒட்டி வந்துவிடும். ஆகவே மதியம் ஆர்.எச். 3 புள்ளி இறங்கினால் “தண்ணி பத்தலை” என்று உடனே பம்ப்பைத் தேடாதீர்கள். டிபார்ட்மென்ட் ஒரு டிகிரி சூடாகியிருக்கலாம். அப்போது வேண்டியது கூடுதல் காற்று.

டேம்பர்: கொங்கு நாட்டுப் பருவத்தோடு சேர்த்து

பேனலின் மிகப் பெரிய சொத்து டேம்பர் திரைதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் மில்லின் கரண்ட் பில்லிலேயே வித்தியாசம் காட்டுவார்கள். பருவத்துக்கு ஏற்றபடி அட்டவணை போட்டு வைக்கும் வசதி பல பேனல்களில் இருக்கிறது. அதில் என்ன போடுவது என்பது நம்மூர் காற்றைத் தெரிந்தால்தான் பிடிபடும்.

பங்குனி, சித்திரை மதியத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே 37 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். உள்ளே 33 டிகிரி, 58 சதவீதம். “வெளியே நெருப்பாட்டம் இருக்குது, வெளிக்காத்தை மூடு” என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தவறான கணக்கு. வாஷருக்குள் போகும் காற்று அதன் ஈரக்குமிழ் வெப்பத்தை (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) நோக்கி இறங்கும். வெளிக்காற்றின் ஈரக்குமிழ் வெப்பம் சுமார் 24 டிகிரி, உள்காற்றுக்கு சுமார் 26. அதாவது தொட்டால் சுடும் வெளிக்காற்றுதான் வாஷரைத் தாண்டியபின் இரண்டு டிகிரி அதிகக் குளிர்ச்சியாக வரும். அந்த மதியத்தில் வெளிக்காற்றை முழுக்கத் திறந்து, பம்ப்பை முழுக்க ஓட்டுவதுதான் சரி. சில பேனல்களில் வெளியிலும் ஒரு சென்சார் வைத்து இந்தக் கணக்கை அதுவே போடும். அந்த வசதி இல்லையென்றால் நீங்கள்தான் போட வேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான். நமக்கு இது நல்ல காலம். வெளிக்காற்றைத் தாராளமாகத் திறக்கலாம். ஒரே சிக்கல், காற்று நேராக வெளிக்காற்று வாயில் மோதினால் ஃபேன் இழுப்பதற்கு மேலேயே காற்று உள்ளே தள்ளும். மேற்குப் பார்த்த பிளான்ட்டாக இருந்தால் டேம்பர் அதிகபட்சத் திறப்பை அட்டவணையில் கொஞ்சம் குறைத்து வைத்து, தூசிக்காக முன்வலையைச் சீக்கிரமாகச் சுத்தம் செய்யுங்கள்.

ஐப்பசி மழை வேறு மாதிரி. கோவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழை மறைவில் இருப்பதால் நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அன்று வெளியே 23 டிகிரி, ஈரப்பதம் 95. “ஈரம் ஏறிடும்” என்று பயந்து எல்லாவற்றையும் மூடத் தேவையில்லை. அந்தக் காற்று மெஷின் சூட்டில் 31 டிகிரிக்கு வந்தால் அதன் ஈரப்பதம் தானாகவே 59-ஐ ஒட்டி நிற்கும். ஸ்பின்னிங்குக்கு வேண்டியதே அதுதான். வாஷர் பம்ப்பை நிறுத்தி வெளிக்காற்றை உள்ளே விட்டால் போதும். மழையென்றாலே பம்ப் ஓடவேண்டியதில்லை என்பது தெரியாமல் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்புகள் எத்தனையோ.

மார்கழி, தை இரவுகளில் ஏமாந்துபோவது சுலபம். வெளியே 18 டிகிரி, பனி வேறு. காற்று ஈரமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். 80 சதவீத ஈரப்பதம் உள்ள அந்தக் காற்று 31 டிகிரிக்குச் சூடானால் 37 சதவீதத்துக்கு வந்து நிற்கும். குளிர்ந்த காற்றில் தண்ணீர் குறைவு. வெளிக்காற்றைக் குறைத்து, திரும்பு காற்றைக் கூட்டி, பம்ப்பை ஓட்ட வேண்டிய நேரம் இது. வெளிக்காற்று டேம்பரை முழுக்க மூடிவிடாதீர்கள். உள்ளே ஆட்கள் எட்டு மணி நேரம் மூச்சு விடுகிறார்கள். குறைந்தபட்சத் திறப்பு என்று பேனலில் ஓர் எல்லை இருக்கும். அதைப் பூஜ்யமாக்குவதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மானுவல்

ஏனோ மானுவல் பட்டன் மீது எல்லோருக்கும் ஒரு பாசம். நாசில் கழுவ, டேம்பர் சோதிக்க, மோட்டார் சுற்றும் திசை பார்க்க அது வேண்டியதுதான். பிரச்சினை, போட்டவர் எடுக்காமல் போவது.

“ஏனுங்கண்ணா, ரெண்டாம் பம்ப்பு மானுவல்லயே கெடக்குதுங்களே?”

“அது நேத்து நாசில் கழுவறப்பப் போட்டதுங்க தம்பி. இன்னுமா எடுக்கலை?”

இந்தப் பேச்சு நடக்காத மில் இருக்காது. மானுவலில் இருக்கும் எந்திரம் சென்சார் என்ன சொன்னாலும் கேட்காது. அதைச் சரிக்கட்ட மற்றவை எல்லாம் ஆட்டோவில் திண்டாடும். பம்ப் மானுவலில் நிற்காமல் ஓடினால், ஈரத்தைக் குறைக்க பி.எல்.சி. டேம்பரை ஒரு கோடிக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். திரையில் பார்ப்பவருக்கு டேம்பர்தான் கெட்டுவிட்டது போலத் தெரியும்.

ஆகவே மானுவலில் போடும்போதே, எது, எதற்காக, எப்போது எடுப்பது என்று ஷிப்ட் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். மானுவலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை கொடுக்கும்படி பேனலை அமைத்துத் தரச் சொல்லி சப்ளையரைக் கேளுங்கள். செய்யக்கூடிய வேலைதான் அது.

ஃபேன் வேகம்

டிரைவ் வைத்த ஃபேனில் வேகம் ஹெர்ட்ஸில் தெரியும். 50 என்பது முழு வேகம். ஃபேன் தின்னும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், இறங்கும். 50-லிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு வந்தால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், மின்சாரமோ ஏறத்தாழ பாதியாகிவிடும். இரவில், குளிர்காலத்தில், பாதி மெஷின் நிற்கும்போது இதைப் பயன்படுத்தாமல் விடுவது பணத்தை டக்ட் வழியாக ஊதிவிடுவதுதான்.

எல்லையும் உண்டு. மோட்டாரைக் குளிர்விக்கும் சிறு விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், வேகத்தை மிகவும் குறைத்தால் மோட்டார் சூடேறும். குறைந்தபட்ச வேகத்தை இன்ஜினியர் பூட்டி வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். சப்ளையைக் குறைத்து ரிட்டர்னை அப்படியே விட்டால் டிபார்ட்மென்ட்டில் காற்று வெளியிலிருந்து இழுக்கும், கதவைத் திறந்தால் தூசி உள்ளே வரும். இரண்டையும் சேர்த்தே குறையுங்கள்.

சென்சார் சொல்வதைச் சரிபார்ப்பது

இதற்குச் செலவாகும் அரைமணி நேரத்துக்கு ஈடான பலன் வேறு எந்த வேலையிலும் இல்லை. வேண்டியது கையால் சுழற்றும் ஈர-உலர் தெர்மாமீட்டர் ஒன்று.

ஈரத் தெர்மாமீட்டரின் குமிழில் சுற்றிய துணித் திரியை முதலில் பாருங்கள். மஞ்சளேறி விறைத்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுத் துணி கட்டுங்கள். அழுக்குத் திரி தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சாது, ஈரப்பதத்தை அதிகமாகக் காட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். சென்சார் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், டிஃப்யூசர் காற்று நேராக அடிக்காத இடத்தில் நில்லுங்கள். உடம்பிலிருந்து கையை நீட்டி ஒரு நிமிடம் போலச் சீராகச் சுழற்றுங்கள். நிறுத்தியதும் ஈரத் தெர்மாமீட்டரை முதலில் வாசியுங்கள், அதுதான் உடனே ஏறத் தொடங்கும். பிறகு உலர். மறுபடி சுழற்றி வாசியுங்கள். ஈர அளவு இனி இறங்கவில்லை என்னும்போது அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உலர் 32, ஈரம் 26 வந்தால் நம் ஊர் உயரத்தில் ஈரப்பதம் சுமார் 62. தெர்மாமீட்டரோடு வரும் அட்டவணையில் மற்ற அளவுகளைப் பார்க்கலாம்.

திரையும் தெர்மாமீட்டரும் 2, 3 புள்ளி வேறுபட்டால் விட்டுவிடுங்கள். நல்ல சென்சாருக்கும் அந்த அளவு வித்தியாசம் உண்டு. அதற்கு மேல் போனால் முதலில் சென்சாரின் மூடியைப் பாருங்கள். பஞ்சு படிந்து கம்பளி போர்த்தியது போல இருக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மட்டும் துடையுங்கள். தண்ணீர், கம்ப்ரஸர் காற்று இரண்டும் கூடாது. சுத்தம் செய்து சற்றுப் பொறுத்து மறுபடி ஒப்பிட்டு, அப்போதும் 4, 5 புள்ளி இருந்தால்தான் இன்ஜினியர் லாகினில் திருத்தம். அதைத் தாண்டினால் சென்சாரையே மாற்றுங்கள். திருத்தத்தை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போன சென்சார் ஒருநாள் முழுப் பொய் சொல்லும்.

அலாரம்

அலாரம் வந்தால் இரண்டு பட்டன். ஒப்புக்கொள்ளும் பட்டன் சத்தத்தை நிறுத்தும், பிரச்சினை அப்படியே இருக்கும். ரீசெட் பட்டன்தான் எந்திரத்தை மறுபடி ஓடவிடும். சத்தம் நின்றதும் வேலை முடிந்ததாக எண்ணி நகர்ந்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. முதலில் அலாரப் பட்டியலைத் திறந்து, நேரத்தைப் பார்த்து, எது முதலில் வந்தது என்று கண்டுபிடியுங்கள். சப்ளை ஃபேன் டிரிப் ஆனால் அதன் பின்னாலேயே ஆர்.எச். குறைவு, வெப்பம் அதிகம் என்று நாலைந்து வரிசை கட்டி வரும். வேர் முதல் வரியில் இருக்கும்.

டிரைவ் ஓவர்லோடு என்றால் பெல்ட், பேரிங், அடைத்த ஃபில்டர் பாருங்கள். தொட்டி மட்டம் குறைவு என்றால் ஃபுளோட் வால்வு. வோல்டேஜ் குறைவு என்றால் லைன். ஒரே அலாரத்தை ஒருமுறை ரீசெட் செய்யலாம். இரண்டாவது முறை வந்தால் காரணம் தெரியாமல் ரீசெட் கொடுக்காதீர்கள். சூடேறிய மோட்டாரைத் திரும்பத் திரும்ப ஓடவைத்தால் அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும்.

அளவுகள் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் டிரெண்ட் திரையையும் இதே வேலையாகப் பாருங்கள். கோடு மெதுவாக ஏறி இறங்கினால் சரி. ரம்பப் பல் போல மேலும் கீழும் ஓடினால் டேம்பர் வேட்டையாடுகிறது: திறக்கும், மூடும், திறக்கும். கட்டுப்பாட்டு இடைவெளியை (வைத்த அளவிலிருந்து திருத்தாமல் விட்டுவைக்கும் வித்தியாசம்) மிகக் குறுகலாக வைத்திருப்பார்கள், அல்லது பி.ஐ.டி. எண்ணை யாரோ தொட்டிருப்பார்கள். 2 சதவீதம் மேலும் கீழும் இடைவெளி விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால்

எல்லா ஃபேனும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஜெனரேட்டர் தாங்காது. அதனால் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு ஓடவைக்கும் வரிசை பேனலிலேயே இருக்கும். அது நடந்துகொண்டிருக்கும்போது அவசரப்பட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீர்கள். வரிசை முடிந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: செட் பாயின்ட்கள் பழைய எண்ணிலேயே இருக்கின்றனவா, எல்லாம் ஆட்டோவில் இருக்கின்றனவா, பேனல் கடிகாரம் சரியா. உள் பேட்டரி தீர்ந்துபோன பேனல், கரண்ட் வந்ததும் ஏதோ பழைய வருடத்துத் தேதியைக் காட்டும். அப்புறம் நேர அட்டவணை எல்லாம் குழம்பும்.

உயிர் சம்பந்தப்பட்டது

திரையில் ஸ்டாப் கொடுத்துவிட்டு ஃபேன் அறைக்குள் யாரும் நுழையக் கூடாது. ஸ்டாப் கொடுத்த எந்திரம் நேர அட்டவணையிலோ, இன்னொருவர் வேறு திரையிலிருந்து கொடுத்த ஸ்டார்ட்டிலோ சுற்ற ஆரம்பிக்கலாம். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “ஆள் உள்ளே” என்று அட்டை மாட்டிய பிறகே உள்ளே போங்கள். ஃபேன் முழுக்க நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாமலும் டக்ட் இழுப்பில் ஃபேன் சுற்றும்.

பஞ்சு மில்லில் தீ என்றால் காற்றுதான் அதன் தீனி. தீப்பொறி கண்டால் திரையில் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. பேனல் கதவிலும் பிளான்ட் வாசலிலும் இருக்கும் சிவப்புக் காளான் பட்டனை அடியுங்கள். ஃபேன்கள் நிற்க வேண்டும், டேம்பர்கள் மூட வேண்டும். இது நடக்கிறதா என்று மாதம் ஒருமுறை மெஷின் நிற்கும் நேரத்தில் சோதித்து எழுதி வையுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பட்டனை முதல் நாளே கையால் தொட்டுக் காட்டுங்கள்.

திரையைப் பராமரிப்பது, திரை இருண்டுவிட்டால்

மில் பேனல்களில் பல அழுத்தத்தில் வேலை செய்யும் வகை. கையுறை போட்ட விரலும் வேலை செய்யும். பேனா முனை, ஸ்க்ரூ டிரைவர், நகம் வேண்டவே வேண்டாம், மேல் படலம் கிழிந்துவிடும். துடைக்கும்போது திரையைப் பூட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் கூடாது. தொட்ட இடத்துக்குப் பக்கத்துப் பட்டன் வேலை செய்தால் திரை அளவுத் திருத்தம் போய்விட்டது. அமைப்புப் பக்கத்தில் மூலைகளில் தோன்றும் குறிகளைத் தொட்டால் சரியாகும். பேனல் பெட்டியின் சிறு ஃபேனில் இருக்கும் வலையையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே சூடேறி முதலில் மங்குவது திரைதான்.

எல்லாம் நன்றாக ஓடும் நாளில் செட் பாயின்ட், எல்லைகள், திருத்த எண்கள் இருக்கும் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்து அச்சிட்டு ஃபைலில் வையுங்கள். பி.எல்.சி., திரை இரண்டின் புரோகிராமையும் சப்ளையரிடம் பென் டிரைவில் வாங்கி அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். சப்ளையர் கடையை மூடிவிட்டுப் போனபின் கேட்டால் கிடைக்காது.

திரை திடீரென்று இருண்டால் பதற வேண்டாம். பி.எல்.சி. உயிரோடு இருந்தால் பிளான்ட் கடைசியாக வைத்த அளவில் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். பேனலைத் திறந்து பி.எல்.சி.யின் ரன் விளக்கு எரிகிறதா என்று எலக்ட்ரீசியன் பார்க்கட்டும். எரிந்தால், திரைக்கு வரும் 24 வோல்ட் சப்ளையையும் ஃபியூஸையும் சோதித்தால் போதும். ஒட்டுமொத்தப் பேனலையும் ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டியதில்லை. விளக்கு எரியாவிட்டால் ஒவ்வொரு ஃபேன் ஸ்டார்ட்டரிலும் இருக்கும் ஆட்டோ, ஆஃப், ஹேண்ட் சுவிட்சை ஹேண்டுக்குத் திருப்பி, சப்ளை ஃபேனையும் ரிட்டர்ன் ஃபேனையும் ஓடவிடுங்கள். டேம்பர் மோட்டாரின் கிளட்ச் பட்டனை அழுத்திக்கொண்டு கையால் பருவத்துக்குத் தக்கபடி திறந்து வையுங்கள். அரைமணிக்கொரு தடவை சுழற்றும் தெர்மாமீட்டரால் அளந்து, அந்த அளவைப் பார்த்துப் பம்ப்பைப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். திரை திரும்ப வந்ததும் எல்லாச் சுவிட்சையும் ஆட்டோவுக்குத் திருப்பி, அச்சிட்டு வைத்த படங்களோடு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.